கழற்றி வைத்த கரடி மணி

அத்தியாயம் ஏழு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கே பொங்கும். பாலும் சேர்ந்து பொங்க வேண்டாம். ஒரு மனுஷன் கட்டின பெண்டாட்டியை நடுவழியில் விட்டுவிட்டுப் போன கதை. வேண்டுமென்று விட்டுப் போகவில்லை. எனக்குக் கோபமே அதில்தான். வேண்டுமென்று விட்டிருந்தால், அந்த ஒரு நிமிஷமாவது அவளை நினைத்திருப்பார்.

போன வாரம் வராதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

ஒகயாமாவில் இருக்கிறது குராஹாஷி வீடு. மோரியோ வாழ்நாளெல்லாம் ரயில் ஓட்டியவர், இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றார். மனைவி மிட்சுயோ. படுக்கையில் விழுந்த மாமியாரை மேற்கு அறையில் வைத்துப் பதினோரு வருஷம் பார்த்தவள். போன குளிர்காலத்தில் அந்த அம்மாள் போனபிறகு, மிட்சுயோ அறையைத் துடைத்தாள், பாயை மாற்றினாள், ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி போட்டாள். வேறெதுவும் வைக்கவில்லை. மத்தியானம் அதில் உட்கார்ந்து, வெளியே தக்காளிபோல் காய்க்கும் காக்கி என்கிற பழ மரத்தைப் பார்ப்பாள். அவ்வளவுதான். அந்த அறையில் இருக்கும்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அப்போதுதான் மோரியோ, ஹிரோசாகிக்குப் போய் ஆப்பிள் பார்த்துவிட்டு வரலாம் என்றார். ரயிலில் போனார்கள். போக மட்டும் டிக்கெட் இருந்தது, திரும்பிவர இல்லை. கேட்டதற்கு, பார்த்துக்கொள்ளலாம் என்றார். போன இடத்தில் ஆப்பிள் மரத்தடியில் நின்றது ஒரு வீட்டு வண்டி. முன்னால் ஸ்டீயரிங், பின்னால் மேஜை, கட்டில், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு. வேறொருவர் ஓட்டிப் பழகியது. ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்.

"அடுப்பு ரெண்டு இருக்கு பாரு" என்று பெருமையாகக் காட்டினாராம்.

"நிக்கிற வீட்டுல இத்தனை வருஷம் சமைச்சேன். இனிமே ஓடுற வீட்டுலயும் சமைக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள் மிட்சுயோ. அதோடு பேச்சு நின்றது. அந்த வண்டியை ஊருக்கு ஓட்டிக்கொண்டு வரும் வழியில்தான் இருக்கிறார்கள் இருவரும்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை விற்ற பெரியவர், மனைவியை இழந்தவர். பக்கவாட்டுக் கதவின் கைப்பிடியில் ஒரு கரடி மணி கட்டியிருந்தார். மலைக்குப் போகிறவர்கள், கரடி கேட்டு விலகட்டும் என்று பையில் கட்டிக்கொள்வார்களே, அந்தப் பித்தளை மணி. "இதைக் கழற்றாதீங்க. அவ இருந்தப்போ, இறங்கினாளா ஏறினாளான்னு எனக்கு இதுதான் சொல்லும்" என்றார். மோரியோ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டார். மணி ஆடினால் இன்ஜின் சத்தம் காதில் விழவில்லையாம்.

இனி இன்றைக்கு வருவோம்.

ஹிரோசாகியில் கிளம்பியது முதல் மிட்சுயோ முன் இருக்கையில் உட்காரவில்லை. பின்னால் மேஜையருகே பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தனக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவில் இருந்த திரையை இழுத்து மூடிவிட்டாள். சாப்பாட்டு வேளைக்குத் திரையின் கீழ் வழியாக ஒரு அரிசி உருண்டை வரும். சாப்பிட்டபின் வெறும் தட்டு அதே வழியாகத் திரும்பிப் போகும். பேச்சு கிடையாது.

மோரியோவுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஓட்டினார். தன் கையால் எழுதிய கால அட்டவணையை, ரயிலில் வைப்பதுபோலவே கண்ணெதிரே செருகி வைத்திருந்தார். ரயில்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணால் பார்த்தது போதாது. விரலை நீட்டிச் சுட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "கண்ணாடி, சரி. எரிபொருள், சரி. கதவு விளக்கு, சரி." இப்படி ஒவ்வொன்றுக்கும் விரல் நீளும். திரைக்குப் பின்னால் இருந்தவளை நோக்கி மட்டும் அந்த விரல் ஒரு தடவையும் நீளவில்லை.

முந்தின நாள் நீகாத்தாவில் நல்ல மழை. மிட்சுயோவின் காலணிகள் நனைந்துபோயின. காலையில் வாசல் தட்டில் பார்த்தால் காணோம். மோரியோ எடுத்துப்போய் முன்பக்க ஹீட்டரடியில் வைத்திருந்தார். எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, எடுத்தேன் என்றும் சொல்லவில்லை. கேட்டால் கிடைத்திருக்கும். கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். மிட்சுயோ திறப்பதாக இல்லை.

ஆகவே, டோயாமா தாண்டி அந்த விரைவுச்சாலை ஓய்விடத்தில் மத்தியானம் வண்டி நின்றபோது, அவள் வீட்டுச் செருப்போடு இறங்கினாள். நீல வெல்வெட்டில் பூப்போட்ட, பாயில் நடக்கிற செருப்பு. இரண்டு நிமிஷ வேலைதானே என்று கைப்பையை எடுக்கவில்லை. கைபேசி உள்ளே சார்ஜில் கிடந்தது. மோரியோ முன் இருக்கையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்திருந்தார். அட்டவணையில் அது ஓய்வு நேரம். தூங்குகிறவரை எழுப்பக் கூடாதென்று மிட்சுயோ கதவை மெதுவாகச் சாத்தினாள்.

பார்த்தீர்களா, கோபத்திலும் மெதுவாகச் சாத்துகிறவள். அதுதான் அவளுக்கு வினையாகிப் போனது.

கழிப்பறையிலிருந்து வெளியே வந்தவள் சற்று நின்றாள். தெற்கே தாத்தேயாமா மலைகள் வரிசையாக நின்றன, உச்சியில் இந்த வருஷத்தின் முதல் பனி. மாமியார் விழுந்த நாளிலிருந்து இந்தப் பயணம் வரை அவள் ஊரைவிட்டு எங்கும் போனதில்லை. நின்று பார்த்தாள். மலையைப் பார்ப்பது குற்றமா?

திரும்பினபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. வெள்ளை முதுகு, ஏறுவதற்கான ஏணி, மினுக்கும் மஞ்சள் விளக்கு. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, எல்லாம் முறைப்படி செய்துகொண்டு அவள் வீடு விரைவுச்சாலையில் ஏறிப் போனது.

மிட்சுயோ கையைத் தூக்கினாள். கத்தவில்லை. சுற்றிலும் ஜனங்கள் இருந்தார்கள். நாலு பேர் நடுவில் குரலை உயர்த்துவது அவள் வழக்கமில்லை. கத்தியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல், தலைமுடியைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்டாள்.

வருவார் என்று கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அவளுக்கே புரிந்தது. விரைவுச்சாலையில் திரும்ப முடியாது. அடுத்த வெளிவழி வரைக்கும் போயே தீர வேண்டும். அதற்கும் முதலில், விட்டுவிட்டு வந்தோம் என்று அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டும். திரையை மூடியிருந்தவள் அவள்தான். அவர் அதைத் திறந்து பார்க்க இன்னும் எத்தனை ஊர் ஆகும்?

உள்ளே தகவல் மேஜையில், சின்னத் தொப்பியும் கழுத்தில் துணியுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். மிட்சுயோ போய்க் குனிந்து வணங்கினாள். செருப்பை அந்தப் பெண் பார்த்துவிட்டாள், பார்க்காததுபோல் இருந்தாள். நல்ல பெண்.

"ஏம்மா, இங்க பொருள் தொலைஞ்சா சொல்லலாமா, இல்ல ஆள் தொலைஞ்சாலும் சொல்லலாமா?"

"ரெண்டும் சொல்லலாம்மா. யாரு தொலைஞ்சாங்க?"

"என் வீட்டுக்காரர். நான் இங்கயேதான் இருக்கேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. பயிற்சி அதை அடக்கிவிட்டது. அவர் கைபேசி எண் சொல்லுங்கள், கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றாள். எண் மிட்சுயோவின் கைபேசிக்குள் இருந்தது. கைபேசி வண்டிக்குள் இருந்தது. நெடுஞ்சாலைக் காவலருக்குச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு மிட்சுயோ வேண்டாம் என்று கையை அசைத்தாள். இந்த அவமானத்தைச் சீருடைக்காரர்கள் எழுதிவைக்க வேண்டியதில்லை.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண், சொந்த வீட்டுத் தொலைபேசி எண். எத்தனை மருந்துக் கடைக்கு, எத்தனை மருத்துவருக்கு, எத்தனை தாதிக்கு அதை ஒப்பித்திருப்பாள். கிளம்புமுன் மோரியோ அதில் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்: வீட்டில் யாரும் எடுக்காவிட்டால் அழைப்பு தானாக அவர் கைபேசிக்குப் போகும். வீட்டில் யாருமில்லை. ஆக, அங்கே அடித்தால் அவர் எடுப்பார்.

முந்தின நாள் காசு கொடுத்துக் குளிக்கப் போன இடத்தில் மிஞ்சின சில்லறை ஏப்ரன் பையில் கிடந்தது. சுவரோரம் இருந்த பச்சைத் தொலைபேசியில் போட்டாள். மணி அடித்தது. என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தாள். "டிரைவர் ஐயா, ஒரு பயணி குறையுது, எண்ணிப் பார்த்தீங்களா?" அதைத்தான் சொல்ல இருந்தாள்.

எடுத்தது அவரில்லை.

"ஹலோ, குராஹாஷி வீடு" என்றது ஒரு பெண் குரல்.

மகள் ஹொனாமி. ஓசாகாவில் கணவனோடும் குழந்தையோடும் இருக்க வேண்டியவள்.

"ஹொனாமி? நீ எப்படி அங்க?"

"அம்மா, நீயா? என்ன நம்பர் இது? நான் காலைல வந்தேம்மா. ஜன்னலுக்கெல்லாம் அளவு எடுத்துட்டு இருக்கேன், திரைச்சீலைக்கு."

"எந்த ஜன்னலுக்கு?"

"எல்லாத்துக்கும்தான்." மகளின் குரல் சற்றுத் தயங்கியது. "அப்பா சொல்லியிருப்பாரே. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வருஷம் வண்டியில ஊர் சுத்தப் போறீங்க, வீட்டை நாங்க எடுத்துக்கலாம்னு. உனக்கும் ரொம்ப சந்தோஷம்னு சொன்னாரேம்மா."

மிட்சுயோ இன்னொரு காசைப் போட்டாள்.

மகள் வேகமாகப் பேசிக்கொண்டே போனாள். மேற்கு அறையைக் குழந்தைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்கள். வெளிச்சம் நன்றாக வருகிறது. அங்கே ஒற்றை நாற்காலி சும்மா கிடந்தது. பெரிய சாமான்கள் எடுக்கிற குப்பை வண்டி நாளைக் காலையில் வருகிறது, சொல்லிவைத்து, நாற்காலியில் அதற்கான கட்டண ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது. இன்றைக்குச் சாயந்திரம் மாப்பிள்ளை அதைத் தெருமுனையில் கொண்டு வைப்பார்.

கேட்டீர்களா? அவளுக்குச் சந்தோஷமாம். யாரைக் கேட்டுச் சொன்னார்? எந்த விரலை நீட்டி, எந்த வாயால் "மிட்சுயோ, சரி" என்றார்? கண்ணாடியைக் கேட்கிறார், எரிபொருளைக் கேட்கிறார், கதவு விளக்கைக் கேட்கிறார்.

ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம் மிட்சுயோ. எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அது அம்மாவின் கோபம் என்று ஆகிவிடும்; அப்பா ஆசையாகக் கொடுத்தார், அம்மா பிடுங்கிக்கொண்டாள் என்று ஆகிவிடும். செய்தவர் தள்ளி நிற்பார், கேட்டவள் கெட்டவள் ஆவாள். இத்தனை வருஷமும் அப்படித்தானே நடந்தது.

"நாற்காலியைத் தொடாதே" என்றாள். "மத்ததை உங்க அப்பா வாயால கேட்டுக்கோ."

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே இருக்கீங்க?"

"இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது மோரியோ மேற்கே போய்க்கொண்டிருந்தார். மலையில் பனி விழுந்திருக்கிறது என்று திரையைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். பதில் வரவில்லை. இரண்டு நாளாகத்தான் வரவில்லையே. முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தது, இவரும் பிரேக்கை அழுத்தினார். அப்போதுதான் அவருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

அவர் பிரேக் போடும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் நாக்கை 'ச்' என்று கொட்டும் சத்தம் ஒன்று வரும். பேசாத பெண்டாட்டியின் ஒரே பேச்சு அது. இந்தத் தடவை வரவில்லை.

இன்னொரு தடவை, காரணமில்லாமலே பிரேக்கைத் தொட்டார். வரவில்லை.

"இந்தாம்மா" என்றார். பிறகு அவள் எண்ணை அழைத்தார். திரைக்குப் பின்னால், காலி மேஜைமேல் அது ஒலித்தது.

வெளிவழியில் இறங்கி, கட்டணம் கட்டி, எதிர்ப்பக்கம் ஏறித் திரும்பி ஓட்டினார். ஆனால் எதிர்ப்பக்கம் போகிறவருக்கு எதிர்ப்பக்கத்து ஓய்விடம்தானே கிடைக்கும். நடுவில் விரையும் சாலை, இரண்டு பக்கமும் கம்பிவேலி. இந்தப் பக்கம் வேலியோரம் பெஞ்சில் மிட்சுயோ உட்கார்ந்திருந்தாள், மேஜைப் பெண் கொடுத்த தேநீரும் வெள்ளை இறால் அப்பளமும் கையில். அந்தப் பக்கம் வெள்ளை வண்டி வந்து நின்றது. மோரியோ இறங்கி ஓடிவந்து வேலியைப் பிடித்தார். அவளைப் பார்த்தார்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? நிமிர்ந்து நின்றார். வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டி, சாலைக்கு அப்பால் அவளைச் சுட்டினார். வாய் அசைந்தது. லாரிகளின் இரைச்சலில் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமுமில்லை.

"பயணி, சரி."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்து, வண்டியில் ஏறி, கிளம்பிவிட்டார். கிழக்கே இன்னொரு வெளிவழி வரை போய், மறுபடி திரும்பி, இந்தப் பக்கம் வருவதற்காக. மிட்சுயோவின் கண்ணெதிரே, ஒரே நாளில் இரண்டாம் முறையாக.

மேஜைப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, சாலைக்கு அடியில நடைவழி இருக்கே, அவர் நடந்தே வந்திருக்கலாமே."

"வண்டியை விட்டுட்டு இறங்கக் கூடாதும்மா. டிரைவருக்கு அது விதி" என்றாள் மிட்சுயோ. "பெண்டாட்டியை விட்டுட்டுப் போறதுக்குத்தான் விதி எதுவும் இல்லை."

வெயில் சாய்ந்து, மலைமேல் பனி இளஞ்சிவப்பாகும் நேரத்தில் வண்டி ஒருவழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. கோடுகளுக்கு நடுவில் பிசகாமல் நிறுத்தினார். கையில் அவள் காலணிகளோடு இறங்கினார். உள்ளே நாளிதழ் உருட்டிச் செருகியிருந்தது. நன்றாகக் காய்ந்திருந்தன. நாளிதழை எடுத்துவிட்டு அவள் காலடியில் சேர்த்துவைத்தார், முனை வெளியே பார்க்கும்படி.

மன்னிப்பு என்று ஒரு சொல் உண்டு. அது அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. காலணிதான் வந்தது.

"காய்ஞ்சிருச்சு" என்றார்.

மிட்சுயோ காலணியைப் பார்க்கவில்லை. "டிரைவர் ஐயா, ஒண்ணு கேக்கணும். கிளம்பறதுக்கு முன்னாடி எதெல்லாம் பாத்தீங்க?"

அவர் நேர்மையான மனுஷர். யோசித்துச் சொன்னார். கண்ணாடி, எரிபொருள், கதவு விளக்கு, நேரம்.

"நான்?"

"ரயில்ல, ஏறினாங்களா இறங்கினாங்களான்னு பாக்கறது கார்டு வேலை" என்றார் மோரியோ. சால்ஜாப்பாகச் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்த உலகம் அது. "பின்னாடி கார்டு பாத்து, கதவு சாத்தி, மணி அடிப்பாரு. மணி வந்தா நான் எடுப்பேன். நான் பின்னாடி திரும்பிப் பாத்ததே இல்லை. முன்னாடி மட்டும்தான் பாக்கணும், அப்படித்தான் பழக்கினாங்க."

"இன்னிக்கு மணி யாரு அடிச்சா?"

அவர் கையுறை விரல்களை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"உங்க அம்மாவுக்கு மருந்து, ஹொனாமிக்குப் பள்ளிக்கூடம், கல்யாணம், கருமாதி, யாரு ஏறினா, யாரு இறங்கினா, எல்லாத்தையும் பின்னாடி நின்னு பாத்தது யாரு? இத்தனை வருஷம் மணி அடிச்சவ நான். இப்ப கார்டையே நடுவழியில இறக்கிட்டு வண்டி போகுது." குரல் உயரவில்லை. உயராத குரலுக்கு அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "ஹொனாமிகிட்ட பேசினேன். ஜன்னலுக்கு அளவு எடுக்கறா. எனக்கு ரொம்ப சந்தோஷமாமே."

மோரியோவின் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார். சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்றார், ஊர் போய்ச் சேருவதற்குள் சொல்லிவிடலாம் என்று அட்டவணையில்கூட ஒரு இடம் விட்டிருந்தேன் என்றார். எந்த ஊரில் என்று கேட்டாள் அவள். ஹிமேஜி என்றார். வீட்டுக்கு முந்தின நிறுத்தம்.

மிட்சுயோ எழுந்தாள். செருப்போடு வண்டிக்குள் ஏறினாள், இழுப்பறையைத் திறந்தாள். பித்தளை மணியோடு வெளியே வந்து, நாக்கு ஆடாமல் விரல்களுக்குள் பிடித்துக்கொண்டாள்.

"இது என் கையில இருக்கு. நான் அடிக்கிற வரைக்கும் வண்டி கிளம்பக் கூடாது. கிளம்புமா?"

"கிளம்பாது" என்றார் மோரியோ. மணி இல்லாமல் வண்டி எடுப்பதில்லை என்பது அவர் எலும்பில் ஊறியது. அவர் சொன்ன விதியிலேயே அவரை மாட்டிவிட்டாள்.

"ஹொனாமிக்கு நீங்க பேசுங்க. நான் இல்லை. என்ன பண்ணினீங்களோ அதை நீங்களே சொல்லுங்க."

இந்த வீட்டில் பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசுவது என்றைக்குமே அம்மாதான். மோரியோ கைபேசியை எடுத்தார். அவருக்குத் தெரிந்த பேச்சு ஒன்றே ஒன்று. பணியில் பிசகு நடந்தால் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பேச்சு. குதிகால் சேர்த்து நின்றார். மணி போனது, மகள் எடுத்தாள்.

"குராஹாஷி பேசறேன். தகவல் சொல்லணும்" என்றார் பெற்ற மகளிடம். "இன்னிக்கு மத்தியானம் பயணி ஒருத்தரை ஓய்விடத்துல விட்டுட்டுக் கிளம்பிட்டேன். அதுக்கு முன்னாடியே ஒரு பிழை நடந்திருக்கு. பயணிகிட்ட கேக்காம, அவங்க இருக்கையை இன்னொருத்தருக்குக் கொடுத்துட்டேன். அவங்க சம்மதிச்சதாவும் சொன்னேன். சம்மதிக்கல. நான் கேக்கவே இல்லை. பிழை ஓட்டுநரோடது. முழுக்க."

மிட்சுயோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிடியில் மணி சூடேறியிருந்தது.

கைபேசியில் மகள் அழுவது வெளியே கேட்டது. மோரியோ அதை என்ன செய்வதென்று தெரியாமல் மிட்சுயோவின் பக்கம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. ஆனாலும் கேட்டது.

"அப்பா, அம்மாகிட்ட நீங்க எதையுமே சொல்லலையா? என் வீட்டுக்காரருக்கு வேலை போனதையும்? இந்த மாசக் கடைசியில கம்பெனி வீட்டைக் காலி பண்ணணும்கறதையும் சொல்லலையா? நாங்க எங்க போறது?"

இப்போதுதான் மிட்சுயோ திரும்பினாள். மகளுக்கு வீடில்லை. மாப்பிள்ளைக்கு வேலையில்லை. மோரியோவுக்குக் கோடையிலிருந்தே தெரிந்திருக்கிறது. பெற்றவளுக்குத் தெரியாது.

"கோடையில அவதான், இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்னா" என்றார் மோரியோ மெல்ல. "எங்க அம்மாவைப் பாத்து நீ களைச்சுப் போயிருந்தே. உனக்கு இன்னொரு பாரம் வேண்டாம்னு நினைச்சோம்."

"எது பாரம்னு தூக்கறவளைக் கேக்க மாட்டீங்களா?"

சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மிட்சுயோ வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு அடுப்பு, இரண்டு பேருக்குக் கட்டில், தண்ணீர்த் தொட்டி, குளிருக்கு ஹீட்டர். வாழ்நாளில் ஊர் சுற்ற ஆசைப்பட்டு ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன் வாங்கின வண்டி.

"நிஜத்தைச் சொல்லுங்க. இது ஊர் சுத்த வாங்கின வண்டியா, இல்ல நாம குடியிருக்க வாங்கின வண்டியா?"

மோரியோ வாயைத் திறந்தார். வலது கை பழக்கத்தில் பாதி உயர்ந்தது, விரல் நீண்டது. எதைச் சுட்டுவதென்று தெரியாமல் அப்படியே அந்தரத்தில் நின்றது.

மிட்சுயோ குனிந்து செருப்பைக் கழற்றி, காய்ந்த காலணிகளை மாட்டிக்கொண்டாள். பக்கவாட்டுக் கதவின் கைப்பிடியில் மணியைப் பழைய இடத்திலேயே, இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அது ஆடாதபடி உள்ளங்கையால் மூடினாள். மலையில் வெளிச்சம் போய்விட்டது. ஓட்டுநர் தன் இருக்கையில் ஏறி, ஸ்டீயரிங்கில் கை வைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தபடி காத்திருந்தார்.

அவள் கையை எடுக்கவில்லை.

இருட்டப் போகிறது, நீங்களும் எழுந்திருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கதவு திறந்தால் ஒலிக்க ஒரு மணி இருக்கட்டும். ஒலித்தால் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் இருக்கட்டும். ஜன்னலோரம் உங்களுக்கென்று ஒரு நாற்காலி, கேட்காமல் எவரும் தூக்கிப்போடாமல், என்றைக்கும் இருக்கட்டும்.